தாடை மேடம்

இரும்புலியூரில் ஆட்டோக்காரர்களிடம் பிசியோதெரபி என்று சொன்னால் எந்தப் பிசியோதெரபி என்று கேட்பார்கள். தாடை வலிக்குப் பார்க்கிறவர் என்றால் மறுபேச்சு இல்லை. "தாடை மேடமா? ஏறிக் குந்துங்க" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். முழங்கால், முதுகு, தோள் எல்லாவற்றுக்கும்தான் அவர் வைத்தியம் பார்த்தார். ஆனால் தாடை மூட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தசைகளுக்கும் கையாலேயே வைத்தியம் உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. அலைந்து திரிந்து அவரிடம் வந்தவர்கள் பரப்பிய பெயர் அது.

நாங்களும் அப்படி அலைந்து போனவர்கள்தான். என் கணவர் மறைமலை நகர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நான் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். இவருக்கு முதலில் காது வலிதான் வந்தது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். பல் டாக்டர், "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், தேய்ந்துபோயிருக்கிறது" என்று ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து கொடுத்தார். அதையும் மாட்டிக்கொண்டுதான் படுத்தார். அப்படியும் ஒருநாள் காலை இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவரால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு விரல் அகலத்துக்குமேல் தாடை இறங்க மறுத்தது. நான் திருநீர்மலைக்குப் போய், இவர் வாயைத் திறந்துவிடு பெருமாளே என்று வேண்டிக்கொண்டேன். யார் கையால் திறக்க வேண்டும் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

மேடத்துக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கனமான உடம்பு, காட்டன் சேலை, மேலே வெள்ளைக் கோட்டு. நகங்களைச் சதை தெரிய வெட்டியிருப்பார். விரலில் போட வேண்டிய கல்யாண மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். கையுறை போட இடைஞ்சலாம். பேச்சைப் படித்தவர்களின் தமிழில் ஆரம்பிப்பார். கை வேலையில் இறங்கியதும் அது பிறந்து வளர்ந்த இரும்புலியூருக்குத் திரும்பிவிடும்.

"மூணு விரலை நெட்டுக்குத்தலா வெச்சா உள்ள போகணும் சார். உங்களுக்கு ஒண்ணுதான் போகுது. பயப்படாதீங்க, எலும்புல ஒண்ணுமில்ல. சதைதான் புடிச்சுகினு கீது."

இவரைப் படுக்க வைத்தார். கன்னத்தில் சுடுதுணியை ஒற்றி எடுத்தார். பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உட்புறம் வைத்து, மற்ற விரல்களை வெளியே வைத்து, அந்தச் சதையைப் பிடித்தார். நான் ஏதோ பிசைவார், இழுப்பார் என்று நினைத்திருந்தேன். பிடித்த இடத்தில் கை அப்படியே நின்றது.

"வுடுங்க சார்" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இவருடைய கண்ணாடியும் போனும் என் மடியில் இருந்தன. வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மேடத்தின் கை அசையவில்லை.

"வுடுங்க. நான் எங்கயும் போகல. மெதுவா வுடுங்க."

இவருடைய கண்ணோரத்தில் தண்ணீர் திரண்டு காதுக்குள் வழிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மாமனாருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றுகூட, இந்த மனிதர் முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தல்காரரைத் தேடிப் போனார். அழுது நான் பார்த்ததே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் விரல் பட்டதும் அழுகிறார். எழுந்து உட்கார்ந்து, இரண்டாவது விரலும் பாதி உள்ளே போவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

பொறாமை என்றவுடன் தப்பாக நினைக்க வேண்டாம். அந்த மாதிரிப் பொறாமையாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். இது வேறு. நான் எத்தனையோ வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த கதவை இன்னொருத்தி வந்த அன்றே திறந்துவிட்டாள். வெளியில் மேடம், அவர், இவர் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். மனதுக்குள் "அவள்"தான்.

வீட்டில் எல்லாம் மாறியது. பல் தேய்க்கிற நேரத்தில் கண்ணாடி முன் நின்று, நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடினார். "உதடு மூடியிருக்கலாம், பல்லு ரெண்டும் தொடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க" என்றார். நான் சப்பாத்தி போட்டால், "மேடம் மெல்ற அயிட்டம் வேணாம்னாங்க" என்றார். சீடை டப்பாவை அவரே எடுத்து மேலே வைத்தார். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தப் பேச்சு ஒருநாளும் காதில் ஏறியதில்லை. பால் பொங்கி வழிந்ததற்கு நான் கத்தியபோது, "வுடு, வுடு" என்றார். விடு என்றுகூட இல்லை. வுடு! அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

மேடத்தை நான் கவனிக்க ஆரம்பித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்ததெல்லாம் ஒன்றுதான், அந்த அம்மாளுக்கு அவசரமே கிடையாது. ஒருநாள் சாயங்காலம் நாங்கள் போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கக் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். மற்றவர்கள் கையைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓடினார்கள். அவர் ரோடு தானாக ஒதுங்கி வழிவிடும் என்பது போல நின்றார். நாங்கள் வண்டியை நிறுத்தி, பூட்டி, வாசலில் வந்து உட்கார்ந்த பிறகும் அங்கேயேதான் நின்றிருந்தார். டீயை ஒருநாளும் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. டீ வரும்போது கை யாருடைய கன்னத்திலாவது இருக்கும்.

இன்னொரு நாள், பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவராம், ஒருவர் பாதியில் மேடத்தின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா மேடம், எவ்ளோ நேரமா ஒரே எடத்துல கைய வெச்சுகினு கீறீங்க? ஒரே இழுப்பா இழுத்து வுட வேண்டியதுதானே?"

"இழுக்கலாமே. எனக்கு அரை நிமிஷ வேலை. உங்க சதை பயந்து இன்னும் இறுக்கிக்கும். அப்புறம் ராத்திரி பூரா நீங்க என்னைத் திட்டுவீங்க" என்றார் மேடம். கோபமே இல்லை. "படுங்கண்ணா. அது வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. எனக்கு எரிந்தது.

சில வாரம் கழித்து, கூட வருகிறவர்கள் வெளியே உட்காருங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். அறை சின்னது, காற்று இல்லை என்றார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே தணிந்த குரலில் பேச்சு கேட்கும். பிறகு நீளமாக ஒரு மௌனம். மறுபடியும் பேச்சு. இவர் கண் சிவந்து வெளியே வருவார்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலையே."

இவர் மனதில் ஏதோ கிடந்து அரிக்கிறது என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். வேலையிலிருந்து வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார். மணி அடித்தால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுவார். கெஞ்சிக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன். வாங்கியதெல்லாம் "ஒண்ணுமில்ல." எனக்குச் சொல்லாததை அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் கொட்டுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அது என் வயிற்றில் அமிலம் மாதிரி வேலை செய்தது.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள். நேராக இரும்புலியூருக்குப் போனேன். சிகிச்சை நேரத்தை மாற்றக் கேட்பதற்காகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அங்கே நோயாளிகள் கிடையாது. வெளிக்கதவு திறந்திருந்தது. சிகிச்சை அறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

"முழுங்குய்யா! எவ்ளோ நேரம்யா வாயிலயே வெச்சுகினு இருப்ப? எனக்கு வேற வேலை இல்லியா?"

அது மேடத்தின் குரல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மேடம்" என்று கூப்பிட்டேன். கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வாங்க டீச்சர். சாருக்கு எதுனா..."

சிகிச்சை நேரமெல்லாம் மறந்துபோயிற்று. "இவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்றேன்.

"எதைப் பத்தி?"

"அதான் எனக்குத் தெரியல. என்கிட்ட சொல்லாம ஏதோ மனசுல வெச்சிருக்கார். உங்ககிட்ட வந்துதான் சொல்லி அழறார். அதைத் தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா மேடம்?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சிரிக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"டீச்சர், என் விரலு அவரு வாய்க்குள்ள கீது. எப்படிப் பேசுவாரு?"

ஒரு சயின்ஸ் டீச்சருக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"அழுவாரு. அது நெஜம். ஏன்னு நான் கேட்டதில்ல. கேட்டா மறுபடியும் இறுக்கிக்குவாரு."

"அப்போ பேச்சுக் குரல் கேக்குதே?"

"அது நான். நான்தான் எதுனா சொல்லிகினு இருப்பேன். மீன் வெல, வூட்டுல மோட்டார் ரிப்பேரு, இந்த மாதிரி." தலையால் வீட்டுப் பக்கம் காட்டினார். "இங்க எனக்குப் பேச ஆள் இல்ல பாருங்க."

அதற்குள் உள்ளே இருமல் கேட்டது. ஓடினார். நானும் பின்னால் போனேன். ஜன்னலோரம் கை வைத்த நாற்காலியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மார்பில் துண்டு. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. மேடத்தின் கணவர். போன வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது என்று மேடம் சொன்னார். பக்கத்து ஸ்டூலில் குழைய வடித்துப் பிசைந்த ரசம் சாதம். மேடம் கரண்டியை எடுத்துக் கிட்டே கொண்டுபோனார். அந்த மனிதர் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"பார்த்தீங்களா? ஊர்ல இருக்கறவன் வாயெல்லாம் தொறக்குது. இந்தாளு மட்டும் என் கையைக் கண்டா மூடிக்கிறாரு. முன்னாடி ஒரு ஆயாம்மா வந்துகினு இருந்தாங்க. அவுங்க ஊட்டினா ஆ காட்டுவாரு. அவுங்க மக வூட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு மட்டும்தான் இப்படி. ஏன்னு கேக்கலாம்னா பதில் சொல்ல அவரால முடியாது."

கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைக் கரண்டி சாதம் எடுத்து நீட்டினேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மென்றார். மெதுவாக விழுங்கினார். மறுபடியும் திறந்தார்.

தண்ணீர்ச் செம்போடு மேடம் வாசற்படியில் நின்றிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பல வாரமாக அதைத்தான் நான் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேன்.

"தலையை அண்ணாக்க வுடாதீங்க, பொரையேறும்" என்று மட்டும் சொன்னார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று புறப்படும்போது, என்னைச் சிகிச்சை அறையில் உட்கார வைத்து, வெளிக்கன்னத்தில் எங்கே விரல் வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று என் கன்னத்திலேயே காட்டிக்கொடுத்தார். "வாய்க்குள்ள வேணாம், அது என் வேலை. வெளிய நீங்க செய்யுங்க. ஒண்ணும் கேக்காதீங்க." பதிலுக்கு என்னிடம் ஒன்று கேட்டார். கேட்பதற்கு அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "சனிக்கிழமை மட்டும் வந்து அவருக்கு ஒரு வேளை ஊட்டிட்டுப் போறீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் பாய் போட்டு இவரைப் படுக்க வைத்தேன். விரலை வைத்தேன். கல் மாதிரி இருந்தது. எனக்குக் கை வலித்தது, கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து வீட்டு டி.வி.யில் ஒரு சீரியல் ஓடி முடிந்தது. நான் கேட்கவில்லை. இவராகத்தான் பேசினார்.

"ஷிஃப்ட்ல ஒருத்தரைக் குறைக்கணும், யாரைன்னு கேட்டாங்க. நான்தான் அவன் பேரைச் சொன்னேன்."

அவன் என்றது இவருடைய நண்பரை. கம்பெனி பஸ்ஸில் வருஷக்கணக்காக இவருக்குப் பக்கத்து சீட். எங்கள் வீட்டில் தீபாவளிக்குச் சாப்பிட்டிருக்கிறார்.

"கண்ணு சரியாத் தெரியல அவனுக்கு. பீஸ் நிறைய ரிஜெக்ட் ஆகுது. சரியாத்தான் சொன்னேன். ஆனா நான்தான் சொன்னேன்னு அவனுக்குத் தெரியாது. வாரா வாரம் போன் பண்றான். மேனேஜர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுடான்னு என்கிட்டயே கேக்கறான்."

எனக்கு அந்த நண்பருக்காக முதலில் வருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது, இதை முதல் ஆளாகக் கேட்டது நான்தான் என்ற நிம்மதி. மேடத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இவர் கூடுவாஞ்சேரிக்குப் போய் நண்பரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. போன் அதற்குப் பிறகு வரவில்லை. நட்பு போய்விட்டது. அதற்காக இவர் இன்றும் வருத்தப்படுகிறார். தாடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இட்லியை முழுசாகக் கடித்துச் சாப்பிட்ட அன்று மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னார். எனக்கு முன்பு போல எரியவில்லை. கொஞ்சம் எரிந்தது.

சனிக்கிழமைகளில் நான் போய்க்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு வாய்க்கும் நேரம் எடுத்துக்கொள்வார். நான் பள்ளிக்கூடக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டே ஊட்டுவேன். ஒரு பக்க உதடு மட்டும் சிரிக்கும். அந்த நேரத்தில் மேடம் உள்ளே இருக்க மாட்டார். மாடிக்குத் துணி காயப்போடப் போவார், இல்லை தெருமுனைக் கடைக்குப் போவார். ஒரு வாரம் அந்த மனிதர் கிண்ணத்தையே காலி செய்துவிட்டார். ஆசையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வராதீங்க."

"ஏன் மேடம்? நான் ஏதாவது தப்பா..."

"ஒரு தப்பும் இல்ல. வெள்ளிக்கிழமையே அவரு கேட்டைப் பார்க்க ஆரம்பிச்சுடறாரு. எனக்கு வயித்தெரிச்சலா கீது."

தலை வலிக்கிறது என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கண்ணைத் தாழ்த்தவில்லை. நான் மாதக்கணக்காக இதே வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு, அதற்குச் சிகிச்சை நேரம், உரிமை என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு அலைந்தவள். அந்த அம்மாள்மேல் நான் மிகவும் பொறாமைப்பட்டது அந்த நிமிஷத்தில்தான்.

"அவரு சாப்பிடாம கெடந்தா?" என்றேன்.

"கெடக்கட்டும். ஆயாம்மாவைக் கூப்பிட மாட்டேன், உங்களைக் கூப்பிட மாட்டேன். எங்களுக்குள்ள ஏதோ கீது. அதை நாங்கதான் பார்த்துக்கணும்."

"சரி மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்தார். என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவருக்குக் குணமாகிவிட்டதால் அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போக வேண்டியிருக்கவில்லை. ஏழெட்டு மாதம் இருக்கும், மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரம் இளநீர் வண்டி ஒன்று. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அந்த மனிதர். எதிரே ஒரு கவிழ்த்த பெட்டிமேல் மேடம். இளநீர்க்காரர் வெட்டிக் கொடுத்த காயை மேடம் இரண்டு கையாலும் கணவர் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நல்ல கையால், இடது கையால், வழுக்கையைச் சுரண்டி எடுத்து மேடத்தின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். கை நடுங்கியது. வழுக்கை வழுக்கிச் சேலையில் விழுந்தது. மறுபடியும் சுரண்டினார். மேடம் ரோட்டோரத்தில், போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம் மாதிரி இருக்கே! நிறுத்தட்டுமா?" என்றார் இவர்.

"வேணாம், போங்க" என்றேன்.

இருபத்து மூன்று வருஷத்தில் இவர் எனக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. வளைகாப்புக்குக்கூட நாத்தனார்தான் ஊட்டினாள். வீடு வரும்வரை இவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை.